நம் சமாதித் தோட்டம்: திருப்பணி நிறைவு அறிக்கை

பங்காளிகள், மாமன் மச்சான் வீட்டார், புகுந்த வீட்டிலிருந்து பணம் அனுப்பிய நம் பெண்கள் எல்லோருக்கும் வணக்கம். வேலை முடிந்துவிட்டது. கார்த்திகைக் கடைசி சோமவாரத்தன்று எல்லா லிங்கங்களுக்கும் அபிஷேகம் ஆயிற்று, வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதோடு குழு ஏற்றுக்கொண்ட பணி நிறைவு. வரவு செலவுக் கணக்கு ரசீது நகல்களோடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக வரும். என்ன செய்தோம், சிலர் கேட்டதை ஏன் செய்யவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தோட்டத்தைப் பார்க்காத பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். சோழிங்கநல்லூருக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிறது இடம். பாட்டனார் காலத்தில் சுற்றிலும் வயலும் பனையும்தான், கால்வாயில் படகு போகும். 2011-இல் அந்தப் பக்கம் முழுக்க சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, இப்போது மூன்று பக்கமும் அடுக்குமாடி. நாம் வீரசைவ மரபு, எரிப்பதில்லை. லிங்கைக்கியம் ஆனவரை, அதாவது இறந்தவரை, குழிக்குள் உட்கார்ந்த நிலையில் வைத்து, வாழ்நாளெல்லாம் அணிந்திருந்த இஷ்டலிங்கத்தை இடது உள்ளங்கையில் கொடுத்து, விபூதியும் வில்வமும் இட்டு மூடி, மேலே ஒரு மேடை கட்டி லிங்கம் வைப்பார்கள். ஆண், பெண் இருவருக்கும் இதே முறைதான், அதனால்தான் நம் தோட்டத்தில் பாட்டிகளின் மேடையிலும் லிங்கம் இருக்கிறது. வைகாசி விசாகத்துக்குக் திருப்போரூரை அடுத்த கண்ணகப்பட்டில் வீரசைவத் துறவி சிதம்பர சுவாமிகள் சமாதிக்குப் போய்விட்டு, திரும்பி வரும் வழியில் இங்கே விளக்கேற்றுவது பெரியவர்கள் வைத்த வழக்கம்.

வேலை தொடங்கியபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் கட்டடம் கட்டியவர்கள் கொட்டிய இடிபாடு ஒரு பக்கம், சீமைக்கருவேலம் மறுபக்கம். மதிப்பீட்டை விடச் செலவு கூடியதற்கு முக்கியக் காரணமே இந்த இடிபாட்டை அள்ளி வெளியேற்றியதுதான். இயந்திரம் விட்டால் மேடைகள் உடையும் என்பதால் ஆட்களை வைத்தே கூடையில் அள்ளினோம்.

கன்னி மூலையில் இருக்கும் பெரிய மேடையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் கல்லில் ‘தாது வருஷம் மாசி’ என்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், அதனால் 1936-ஐ ஒட்டியது, பெரிய பாட்டனாரின் தம்பியுடையது என்றுதான் இதுவரை சொல்லிவந்தோம். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்திருந்ததை மூங்கில் சீவலாலும் தண்ணீராலும் மட்டும் எடுத்தபோது, அடியில் இன்னொரு வரி தெரிந்தது: ‘சாலிவாகன சகாப்தம் ௲௭௱௯௰௮’. கல்வெட்டு படிக்கும் நண்பர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். ஆயிரம், எழுநூறு, தொண்ணூறு, எட்டு. சக ஆண்டு 1798, அதோடு 78 கூட்டினால் 1876. அந்தத் தாது வருஷத்து மாசி என்றால் 1877 தொடக்கம், சென்னை மாகாணத்தையே வாரிக்கொண்டு போன தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லாமல் செதுக்கியிருப்பதும் பழைய கல் என்பதற்குப் பொருந்துகிறது. ஊரே சோற்றுக்கு அலைந்த நேரத்தில் ஒருவருக்குக் கருங்கல் வெட்டி எழுத்துப் பொறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த மேடையை ஒட்டி நான்கு சின்ன மேடுகள், கல் கிடையாது, பெயர் கிடையாது. அவற்றைக் கலைக்காமல் சுற்றிலும் ஒரு வரிசை செங்கல் பதித்து விட்டிருக்கிறோம்.

இங்கேதான் கருத்து வேறுபாடு வந்தது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு கிரானைட் பதித்து, டைல்ஸ் ஒட்டி, மேலே ஷீட் போட்டுவிடலாம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் குழு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மேடைகள் சித்துக்கல் என்ற பழைய காலத்துச் சின்னச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. கால்வாயோரத்து மண்ணில் உப்பு அதிகம், மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லே மாவாக உதிரும். முன்பு யாரோ சிமெண்ட் பூசிய இரண்டு மேடைகளில் அதுதான் நடந்திருந்தது. அதனால் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, ஊறப்போட்டு, சலித்த மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லப்பாகும் விட்டு அரைத்துத்தான் பூசினோம். நாள் அதிகம் பிடித்தது, கொத்தனாருக்குப் பழகவே கொஞ்ச காலம் ஆனது, ஆனாலும் சரியான வேலை. கல்லில் ஆசிடோ மணல் வீச்சோ கிட்டவே வரவிடவில்லை, எத்தனையோ கோயில்களில் மணல் வீச்சால் எழுத்தே மழுங்கிப்போனது. அரசமரக் கன்று பிளந்திருந்த மேடையில் வேரைப் பிடுங்காமல் வெட்டிக் காயவிட்டு, பிறகு இடுக்கை அடைத்தோம்.

தரையை உயர்த்தச் சொல்லியும் கேட்டார்கள். சாலை ஏறிக்கொண்டே போவதால் 2015 டிசம்பர் மழையில் உள்ளே தண்ணீர் தேங்கியது உண்மை. ஆனால் மண் கொட்டினால் பழைய மேடைகள் புதைந்துபோகும். அதனால் சுற்றுச்சுவரின் அடிப்பகுதியை மட்டும் உயர்த்தி, வடகிழக்கு மூலையில் உறிஞ்சுகுழி வெட்டியிருக்கிறோம். சென்ற மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

அப்புறம் காகிதம். பட்டா இன்னும் இறந்துபோன முன்னோர்கள் பெயரில் கூட்டாக இருந்தது. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, ‘அ’ பதிவேட்டு நகல், புலப்படம் எல்லாம் எடுத்து, சர்வேயரை அழைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டாயிற்று. புதிதாக அங்கே அடக்கம் செய்ய முடியுமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். முடியாது. கிராம ஊராட்சிகளுக்கான 1999 விதிகளே வீட்டுக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் கூடாது என்கின்றன, இது இப்போது மாநகராட்சிப் பகுதி, பதிவு பெறாத இடம். வருத்தமான பதில்தான், ஆனால் ஆசைக்காக யாரும் ராத்திரியோடு ராத்திரியாக எதுவும் செய்துவிட வேண்டாம், இருக்கும் இடத்துக்கே வம்பு வரும்.

ஒவ்வொரு மேடைக்கும் எண் கொடுத்து, எது யாருடையது என்று பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டு ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய புகைப்படமோ, கருமாதிப் பத்திரிகையோ, ஜாதகக் கட்டோ இருந்தால் பொங்கலுக்குள் படம் எடுத்து அனுப்புங்கள், நோட்டு அதன் பிறகுதான் அச்சுக்குப் போகும். மீதிப் பணம் குழுவின் பெயரில் வைப்பு நிதியில் இருக்கிறது, அதன் வட்டியில் மாதம் ஒருமுறை புல் வெட்ட ஆள் வருவார். சாவி ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டில் ஒன்று, குழுச் செயலாளரிடம் ஒன்று. புதிதாக நட்ட இரண்டு வில்வக் கன்றுகளுக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் வேண்டும், பக்கத்தில் குடியிருப்பவர்கள் முறை வைத்துக்கொள்ள முன்வந்தால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.