கண் முகாமுக்கு ஓர் இஞ்ச் டேப்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலவசக் கண் பரிசோதனை முகாம் பேனர் சேலத்துக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட வராந்தாவில் ஆறு மீட்டர் அளந்து சார்ட் மாட்டுவார்கள். எழுத்தைப் படிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, புரை இருந்தால் அறுவைக்கு அழைத்துப் போவார்கள். இந்த ஏற்பாட்டால் பார்வை திரும்பியவர்கள் ஏராளம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புரை இல்லாதவரை அனுப்பிவைக்கும் விதத்தில்தான் குறை. "தூரப் பார்வை நல்லா இருக்கு, வயசுக்கு ஏத்த கண்ணாடி வாங்கிப் போட்டுக்குங்க" என்று இரண்டு நிமிடத்தில் ஆள் வெளியே வந்துவிடுகிறார். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ கொலுசுப் பட்டறையில் உட்காருபவருக்கு அந்த 'வயசுக்கு ஏத்த' கண்ணாடி உதவாது.

நாற்பதைத் தொட்டதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்து, கிட்டப் பொருளுக்கேற்பக் குவிய மறுக்கிறது. இதுதான் வெள்ளெழுத்து. நோயல்ல, நரையைப் போல எல்லோருக்கும் வருவது. 45 வயதுக்கு +1.25 அல்லது +1.50, 50 வயதுக்கு +2.00 என்று முகாம்களில் புழங்கும் வயதுக் கணக்கு, செய்தித்தாளை 40 செ.மீ. தள்ளிப் பிடித்து வாசிப்பவருக்காகப் போட்டது. கொலுசு வேலை அந்தத் தூரத்தில் நடப்பதில்லை. சாமணத்தால் வளையத்தைப் பிடித்து, இணைப்பில் பற்றவைக்கும் பொடி வைத்து, நெருப்புக் காட்டும்போது கண்ணுக்கும் கைக்கும் நடுவே 25 செ.மீ. இருக்கலாம். 100ஐ அந்தத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: 40 செ.மீ.க்கு 2.5 பவர், 25 செ.மீ.க்கு 4 பவர். வித்தியாசம் ஒன்றரை. அதாவது, +2.00 கொடுக்கப்பட்ட 50 வயதுக்காரருக்குப் பட்டறையில் +3.50 வேண்டும். +2.00 போட்டால் செய்தித்தாள் தெரியும், பொடி தெரியாது. இரண்டாம் நாளே கண்ணாடி டப்பாவுக்குள் போய்விடும். மனிதர் கையை நீட்டி, வேலையைத் தள்ளிப் பிடித்து, குத்துமதிப்பாக ஊதுவார். பொடி உருகிப் பக்கத்து வளையத்தில் வழிந்தால் இரண்டும் ஒட்டி, சரம் மடங்காமல் விறைத்து நிற்கும்.

எனவே முகாம் நடத்தும் கண் மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கண்ணாடிப் பெட்டியோடு ஓர் இஞ்ச் டேப்பையும் எடுத்து வாருங்கள். முடிந்தால் முகாமைப் பட்டறைத் தெருவிலேயே வையுங்கள். முதலில் வழக்கம்போல ஒவ்வொரு கண்ணாகத் தூரப் பார்வையைப் பார்த்து, அதில் பவர் இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு கிட்டப் பவர் போட்டால் கணக்கே தப்பும். பிறகு அவர் வேலை செய்கிற மாதிரியே தரையில் உட்காரச் சொல்லி, கடைக்கண் ஓரத்திலிருந்து சாமணத்தின் முனைவரை அளவெடுங்கள். சோதனை பிரேமில் லென்ஸைப் போட்டு, படிக்கும் அட்டையை மட்டும் காட்டாமல் பாதி முடிந்த கொலுசையே கையில் கொடுங்கள். தெரிகிறதா என்பதை அவரே சொல்வார். கடைசியாக, விட்டுவிடக்கூடாத ஒரு சொல்: "இதைப் போட்டா ஒரு அடிக்கு மேல எல்லாம் மங்கும், அது கண்ணாடியோட கோளாறு இல்ல." +3.50 கண்ணாடியில் தெளிவு 28 செ.மீ. அளவில் முடிந்துவிடும். இதை முன்பே சொல்லாததால் மூலைக்குப் போன கண்ணாடிகள் நிறைய. நடக்கும்போது கழற்றிவிட வேண்டும். கழுத்துக் கயிறு ஒன்று கொடுத்தால் புண்ணியம்.

கடைவீதியில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு கண்ணும் சமமாக, தூரப் பவரோ சிலிண்டர் பவரோ (கருவிழி வளைவு சீரில்லாததால் வரும் பவர்) இல்லாதவருக்கு +2.00 வரை அதுவே போதும். +3க்கு மேல் போனால் லென்ஸின் மையமும் கருமணியின் மையமும் சில மி.மீ. விலகினாலே கண் இழுக்கும், தலைவலி வரும். அங்கே அளவெடுத்துச் செய்ததுதான் சரி. இன்னொன்று: வாசிக்கும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பட்டறையில் ஆசிட் கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முறிக்கிறேன் என்று சோடா மாவு கரைத்து ஊற்றக்கூடாது.

கிட்டத்தில் பார்க்கப் போடும் கண்ணாடி வசதிக்குத்தான், வருமானத்துக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அசாமில் 40 வயதைத் தாண்டிய தேயிலை பறிப்பவர்களுக்கு இந்தக் கண்ணாடியைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிட, அவர்கள் பறித்த இலை சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. இலை பறிப்பதற்கே அப்படியென்றால், கம்பியும் வளையமுமாக இழைக்கும் கைகளுக்கு எப்படி இருக்கும்?

ஏற்காடு மலையில் கதை வேறு. அங்கே மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பவருக்கு பைஃபோகல் (மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு) கண்ணாடி கொடுப்பதே தப்பு. குனிந்தால் கீழ்ப் பாகம் வழியாகப் படி மங்கித் தெரியும், கால் இடறும். அங்குள்ள பெரிய ஆபத்து காபிச் செடியின் குச்சி. பழம் பறிக்கும் மாதங்களில் கிளை அடித்துக் கருவிழியில் கீறல் விழுகிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு விடுவதும், மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து போடுவதும் வழக்கம். டெக்ஸாமெத்தசோன் என்று லேபிளில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சிவப்பு இரண்டு நாளில் வடியும், ஆறிவிட்டது என்று தோன்றும். பூஞ்சை மட்டும் உள்ளே வேர்விட்டுக்கொண்டிருக்கும். முடிவில் கண்ணில் பூ விழும்.

இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃப்ளோரசின் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சம் அடித்தால் கீறல் பச்சையாக ஒளிரும். 48 மணி நேரத்துக்குள் குளோராம்பெனிகால் 1 சதவீதக் களிம்பை நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டால் புண்ணாவதைத் தடுக்கலாம் என்று நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களை வைத்தே காட்டினார்கள். ஏற்கெனவே கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் களிம்போடு காத்திருக்கக் கூடாது, அன்றே மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட வேண்டும். எஸ்டேட் லைனுக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுப்பது, ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போய் முகாம் போட்டுவிட்டு வருவதைவிட மேல்.

"எனக்கு இப்போ கண்ணாடி இல்லாமலே ஊசி கோக்க முடியுது" என்று பெருமைப்படும் பெரியவர்களைப் பாராட்டிவிட்டு அனுப்பாதீர்கள். புரை முற்றத் தொடங்கும்போதும், சர்க்கரை எகிறும்போதும் கண் இப்படி வேஷம் போடும். ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டு உட்புறத்தையும் பார்த்த பிறகே பவரைப் பற்றிப் பேச வேண்டும்.

முகாம் முடிந்ததும் எத்தனை கண்ணாடி கொடுத்தோம் என்று செய்தி வருகிறது. மூன்று மாதம் கழித்து அதே தெருவுக்குப் போய், எத்தனை மூக்கில் அவை இருக்கின்றன என்று எண்ணி, அந்தக் கணக்கையும் உங்கள் பத்திரிகைக்கு அனுப்பினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
முகாம்களில் பணிபுரியும் கண் பரிசோதகர்கள் சிலர்,
சேலம்.