செயலாளர் ஆண்டறிக்கை: பழைய மணிக்கூட்டு ஆர்வலர் சங்கம், திருகோணமலை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. பொங்கல் ஒன்றுகூடலும் நிறைவேறியது.

இவ்வாண்டின் முக்கிய பணி, வாங்குமுன் மணிக்கூட்டைப் பரிசோதித்துக் கொடுக்கும் சேவை. காசைக் கொடுத்துவிட்டு "இது அசலோ?" என்று கேட்டு வருவோரே இன்னும் அதிகம். ஆகவே நடைமுறையை இங்கே பதிவுசெய்கிறேன்.

பின்மூடியைத் திறக்க விடாதவரிடம் வாங்கவேண்டாம். வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோ என்ற ஜப்பானிய மணிக்கூடுகளே எம்மிடையே அதிகம் கைமாறுகின்றன. பின்மூடியில் 6139-6002 என்றிருந்தால் முதல் நான்கு இலக்கம் மெஷினுக்கு, மற்றவை கூட்டுக்கு. தொடரிலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 6139 வெளிவந்தது 1969இல். ஆகவே 4இல் தொடங்கினால் 1964 அல்ல, 1974. அந்த 1974 மணிக்கூட்டின் டயலில், நீர் புகாது என்பதைக் குறிக்க "புரூஃப்" என்றிருந்தால் டயல் வேறொன்றினது. 1970 அளவிலேயே அந்தச் சொல் "ரெசிஸ்ட்" ஆகிவிட்டது.

எமது கடற்காற்றில் இறப்பர் வளையம் உக்கி ஈரம் உள்ளே போகும். சாவித்தண்டு துருப்பிடித்திருக்க டயல் மட்டும் பளிச்சென்றிருந்தால், அது மீள அச்சிட்டதா என்று பத்து மடங்கு லென்ஸில் எழுத்தோரங்களைப் பாருங்கள்.

டயலில் "டி சுவிஸ் டி" என்றிருந்தால் இருட்டில் ஒளிரும் பூச்சு ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 12.3 ஆண்டு. அறுபதுகளின் பூச்சு, டோர்ச்சை அணைத்தபின் நிமிடக்கணக்கில் ஒளிர்ந்தால் பின்னாளில் பூசியது. அதற்கு முந்திய ரேடியம் பூச்சைச் சுரண்டவே கூடாது. ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. பழைய ரோலெக்ஸில் செயினைக் கழற்றினால் 12 மணிப்பக்கம் மாதிரி இலக்கமும் 6 மணிப்பக்கம் தொடரிலக்கமும் தெரியும்.

மணிக்கூட்டோடு வரும் பத்திரத்தை மட்டும் நம்பவேண்டாம். 2021இல் ஜெனீவா ஏலத்தில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1, பல மணிக்கூடுகளின் உறுப்புகளால் கோத்தது என்று 2023இல் ஒமேகா நிறுவனமே அறிவித்தது.

கணக்கு விபரம் பொருளாளரிடம் உண்டு. வரவுக்குள் செலவு அடங்கியது, மிச்சம் சொற்பம். சந்தா நிலுவை கவலை தருகிறது. கூட்டத்துக்கு முகம் காட்டாத சிலர், மணிக்கூடு வாங்கும்போது மட்டும் தொலைபேசி எடுக்கிறார்கள். அவர்களுக்கும் மறுக்காமல் பார்த்துக் கொடுத்தோம்.

இடம் தந்தவருக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

வருகிற ஆண்டுக்கு ஓட்டம் அளக்கும் கருவி அவசியம். 6139 மெஷினுக்கு ஒரு மணித்தியாலத்தில் 21,600 துடிப்பு. கருவி 28,800 காட்டினால் மூடியைத் திறக்குமுன்னரே உள்ளே மெஷின் மாறியது தெரிந்துவிடும். இப்போது இருப்பது இரவல் கருவி. உரியவர் கேட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டும். நிலுவைச் சந்தா சேர்ந்தாலே புதியது வாங்கலாம். அடுத்த கூட்டத்தில் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் இருப்பார்.

செயலாளர்