தகரப் பேணி

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், சோமாலியப் பெண்ணும் பிலிப்பைன்ஸ்காரர்களும் இருக்கும் மேசையில் இடமிருந்தும், சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடைமாற்றும் அறையில் போய்த் தனியே சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். அவர்கள் ஒரு தீங்கும் செய்யாதிருக்க, அருகில் அமர்ந்தால் ஏன் உடம்பு இப்படிக் கூசுகிறது என்று வெட்கப்பட்டும் இருந்தாய். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூவரும் வாழும் மாவட்டம் நமது; 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எந்த ஓர் இனமும் பாதியை எட்டவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் தோளோடு தோள் உரசி வாழ்ந்தும், ஒருவர் வீட்டு அடுக்களையை மற்றவர் கண்டதில்லை. சிங்களம் காதில் விழுந்தால் என் கை இன்றைக்கும் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடும். சோதனைச் சாவடிகளில் நின்ற வருடங்களும், 2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே இரவோடிரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டபின் ஊர் கடையடைத்துக் கிடந்த நாட்களும் அந்தப் பயத்தை எனக்குள் இறக்கின. உனக்கு அந்தச் சோமாலியப் பெண்ணிடம் அப்படி ஓர் அனுபவமும் இல்லை. உன்னுடைய கூச்சம் நம் வீட்டிலிருந்து வந்தது.

கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வரும் முஸ்லிம் மீன்காரர், நாம் நானா என்று கூப்பிடுபவரை நினைவிருக்கிறதா? பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவர் விடியற்காலையில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடந்து, ஏழு மணிக்கெல்லாம் நம் படலையில் நிற்பார். பெட்டிக்குள் சூடையும் பாரையும் இருக்கும். தண்ணீர் கேட்டால், கிணற்றடிச் சுவரில் அவருக்கென்றே கவிழ்த்து வைத்திருந்த தகரப் பேணியில்தான் கொடுப்போம். அதன் விளிம்பு துருவேறியிருந்தது. அவர் விளிம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடித்து, தானே அலசி, வைத்த இடத்திலேயே கவிழ்த்துவிடுவார். ஒருநாள், ஆறு வயதுக்காரியான நீ உள்ளே ஓடிப்போய், நாங்கள் குடிக்கும் வெண்கலச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாய். அப்பம்மா உன் கையிலிருந்து அதைப் பறித்த வேகத்தில் தண்ணீர் உன் சட்டை முழுவதும் சிந்தியது. நீ அழுதாய். நானா, "பரவாயில்லை அம்மா, பிள்ளை தெரியாமல் செய்தது" என்றார். திண்ணையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த நான் தலை நிமிரவே இல்லை. அன்று நீ என்ன படித்தாய் என்பதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

கடல்கோள் வந்தபோது, கிண்ணியாவில் வைத்தியசாலையைக்கூடக் கடல் விட்டுவைக்கவில்லை. நான்காம் நாள், பாடசாலையொன்றில் தங்கியிருந்த அவரைத் தேடிப் போனேன். பாயில் இருத்தி, இரவலாக வாங்கிய கோப்பையில் வெறுந்தேநீர் தந்தார். யார் யாரோ குடித்துவிட்டு வைத்த கோப்பை. வாங்கும்போது என் கை ஒரு கணம் தயங்கியது. அவர் அதைக் கண்டார். வீடிழந்தவர் முன்னால்கூட என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. குடித்தேன்தான், ஆனாலும் அந்தத் தயக்கத்தை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பெண் உன்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறாள் என்றும், என்ன சாக்குச் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தாய். சாக்கு என்னிடம் இல்லை. மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாய் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. அதைச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, சமைத்து வைத்தபின் சொல்வதுதான் குறைவு. பேச்சு வராவிட்டால் அவளுடைய ஊரைப் பற்றிக் கேள். உன் ஊரைப் பற்றி அவள் கேட்டால் கோணேசர் கோயிலோடு நிறுத்திவிடாமல் இந்தப் பேணியையும் சொல். உடம்பு கூசினால் கூசட்டும், அதற்காகப் பாதியில் எழுந்து வந்துவிடாதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைவு. அடுத்த கடிதத்தில் அங்கே என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

அன்புடன்,
அப்பா