1848க்கு முன்பும் பெண்கள் படித்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாவித்திரிபாய் பூலே பிறந்தநாளை ஒட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் வந்த ஒரு வரி இன்னும் மனதை அறுக்கிறது. 1848-இல் புனேயில் அவரும் கணவரும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும்வரை இந்தியாவில் ஒரு பெண்பிள்ளைகூடப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லையாம். எழுதியவர்மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அச்சுக்குப் போகும்முன் பார்த்தவர் தாங்கள். தென்கோடியின் வரலாறு தங்களுக்குத் தெரியாததல்ல.

லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். வந்த கையோடு மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி தொடங்கினார். இன்றைய டதி பள்ளியின் தொடக்கம் அதுதான். புனே பள்ளிக்கு அது கால் நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, அதனால் விட்டுவிட்டோம் என்பீர்களா? சரி, தரங்கம்பாடி எங்கே இருக்கிறது? ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1707-லேயே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். மிஷனரிகள் கணக்கே வேண்டாம் என்றாலும், சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் கேட்டு வாங்கிய பள்ளிக் கணக்கு இருக்கிறதே. மாகாணம் முழுக்கப் பையன்கள் 1,84,110 பேர், பெண்கள் 4,540 பேர். மலபாரில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் முஸ்லிம் பெண்பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். குறைவுதான், வெட்கப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு. ஆனால் ஒருத்திகூட இல்லை என்று எழுத அது இடம் தரவில்லை.

என் பாட்டி நாகர்கோவில் போர்டிங்கில் படித்தவர். அங்கே 1821-இல் மார்த்தா அம்மையார் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய ரேந்தை என்ற லேஸ் பின்னலைத்தான் பாட்டியும் கற்றார். கெட்டியான திண்டின்மேல் துளையிட்ட காகிதம், அதில் நெருக்கமாகக் குத்திய குண்டூசிகள், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சின்ன மரக்கட்டை. பாட்டி எங்களோடு பேசிக்கொண்டே கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவார், ஊசியைப் பிடுங்கி அடுத்த துளையில் குத்துவார், ஓர் இழை தவறாது. விற்ற கணக்கைத் தன் கையாலேயே நோட்டில் எழுதுவார். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் கைநாட்டு வைத்த காலம் அது. பத்திரம் வந்தாலும் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தாலும் பாட்டியிடம்தான் கொண்டுவருவார்கள். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே இந்தப் பெண்கள் தங்கள் கை வேலையால் அதைச் சாதித்தார்கள். இவர்களைத்தான் தங்கள் இதழ் ஒரே வரியில் இல்லையென்று ஆக்கிவிட்டது.

அவர்கள் சும்மா படித்துவிடவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போல மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையிலும் வழியிலும் அடி வாங்கிய பெண்கள் அவர்கள். 1828, 29-இல் ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. நாடார் பெண்கள் எல்லோரும் மேலாடை போட அரசு அனுமதித்தது 1859-இல்தான்.

சாவித்திரிபாயைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு தம்பதி, எந்த மிஷனும் பின்னால் இல்லாமல், சொந்த ஊரையே எதிர்த்துக்கொண்டு திறந்த பள்ளி அது. அந்தப் பெருமையே போதும். அதன்மேல் பொய்யான ஒரு 'முதல்' எதற்கு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது கேரள எல்லையோரத்துப் பாறசாலையில். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகப் பக்கம் போயின, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளப் பக்கமே நின்றது. அன்றிலிருந்து சென்னைப் பத்திரிகைக்கு நாங்கள் கேரளம், திருவனந்தபுரம் பத்திரிகைக்கு நாங்கள் தமிழர். அன்று இதே தாலுகாவில்தான் ஊரூட்டம்பலம் இருந்தது. 1914-இல் பஞ்சமி என்ற, தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட புலையர் வீட்டுச் சிறுமியை, அந்தச் சமூகத்தின் தலைவர் அய்யன்காளி அங்குள்ள பள்ளிக்கு அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளியையே கொளுத்தினார்கள். இன்று அந்தப் பள்ளி அவர்கள் இருவர் பெயரிலும் நடக்கிறது. பெண்கல்வி பற்றித் தாங்கள் எத்தனையோ சிறப்பிதழ் போட்டுவிட்டீர்கள், பஞ்சமியின் பெயரை ஒன்றிலும் நான் பார்க்கவில்லை. இங்கே தமிழ் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம், ஓணப் பரீட்சை நெருங்கும்போது வந்து சேரும் தமிழ்ப் பாடப்புத்தகத்துக்காகப் பிள்ளைகளோடு காத்திருந்தவள் நான். மறக்கப்படுவது எங்களுக்குப் பழகியதுதான். ஆனால் படித்தவர்கள் நடத்தும் பத்திரிகையிலும் அதே கதி என்றால் தாங்க முடியவில்லை.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். நாகர்கோவில் 1819, தரங்கம்பாடி 1707 என்று இரண்டு வரி போதும், கடைசிப் பக்கத்தில் என்றாலும் சரி. அப்புறம், இதழோடு வரும் மகளிர் இணைப்பு பாறசாலைக் கடைக்கு வருவதே இல்லை. களியக்காவிளை வரை வருகிறது, எல்லை தாண்டினால் காணோம். காசு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதையும் தங்கள் விற்பனைப் பிரிவில் சொல்லி அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாறசாலை