மடியில் வரும் பயணிகளுக்காக ஒரு மடல்

தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் தெற்கு ரயில்வே அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தீபாவளி, பொங்கல் நெருங்கும்போதெல்லாம் உங்கள் ஆலோசனைக் கூட்டங்களைப் பற்றிச் செய்தி வரும். எத்தனை சிறப்புப் பேருந்துகள், எந்த ஊர்ப் பேருந்து எங்கிருந்து கிளம்பும், எந்தத் தடத்தில் சிறப்பு ரயில் என்று எல்லாம் எண்களாக இருக்கும். சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானவர்களைச் சென்னையிலிருந்து ஊருக்கு அனுப்பிவைத்துத் திரும்பவும் அழைத்துவருவது லேசான வேலை இல்லை. எல்லோர் வீட்டிலும் பொங்கல் பொங்கும் நேரத்தில் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் நினைத்துத்தான் இந்த மடலைத் தொடங்குகிறேன்.

ஆனால் அந்த எண்கள் எல்லாமே இருக்கைக் கணக்கு. இருக்கை வாங்காமல், அம்மா மடியிலும் அப்பா தோளிலும் ஊருக்குப் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். உங்கள் கணக்கில் அவர்கள் இல்லை.

அரசுப் பேருந்துகளில் முன்பு மூன்று வயது வரைதான் டிக்கெட் கிடையாது. 2022-இல் அதை ஐந்து வயதாக உயர்த்தினீர்கள். இரண்டு சிறு பிள்ளைகளோடு ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு அது நிஜமான உதவி. ரயிலிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணம் இல்லை. இரண்டுக்கும் நன்றி. நான் சொல்ல வருவது, டிக்கெட் இல்லை என்பதாலேயே அந்தப் பிள்ளை திட்டத்திலிருந்தும் விடுபட்டுப்போகிறது என்பதைத்தான். ஒரு பேருந்தில் எத்தனை பேர் என்று கேட்டால் இருக்கைகளை எண்ணிச் சொல்வார்கள். அதில் ஆறு கைக்குழந்தைகள் இருந்தால் அந்தப் பேருந்து வழியில் எத்தனை முறை நிற்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், விளக்கை எப்போது அணைக்க வேண்டும் என்பதெல்லாம் மாறும். ஆனால் அந்த ஆறு பேர் இருப்பது, பேருந்து கிளம்பி முதல் அழுகை கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு வீடு பெரம்பூரில். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. ஆச்சியும் தாத்தாவும் அங்கே இருப்பதால் தீபாவளியோ பொங்கலோ ஏதாவது ஒன்றுக்கு எப்படியும் போய்விடுவோம். கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தபின் எங்களைப் போன்ற வடசென்னைக்காரர்களுக்குப் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. முன்பு ஊர்ப் பேருந்து ஏறிய கோயம்பேட்டிலிருந்தே அது சுமார் 30 கிலோமீட்டர். பண்டிகை நெரிசலில் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் ஒரு சாப்பாடும் ஒரு தூக்கமும் முடித்திருப்பார்கள். முனையம் விசாலமாக, சுத்தமாக இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்ப் பேருந்து ஏறும்போதே பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம் யோசிக்க வேண்டும்.

முதலில் நெடுஞ்சாலை உணவகங்களைப் பற்றிப் பேச வேண்டும். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

பேருந்து இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒரு மோட்டலில் நிற்கும். "பத்து நிமிஷம்தான், சீக்கிரம்" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். தூங்குகிற சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருக்கும் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அப்படி ஒரு இடத்தில் நாங்கள் இறங்கியபோது கழிப்பறைக்குள் விளக்கு இல்லை. தரையெல்லாம் தண்ணீர். வாளி இருந்தது, மக் இல்லை. மகள் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கையில் போன் வெளிச்சம், இன்னொரு கையால் அவளைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்க, பின்னால் வரிசையில் நின்ற ஒரு அக்கா, கேட்காமலேயே சின்னவனை வாங்கிக்கொண்டார். பால் கலக்க வெந்நீர் கேட்டால் முதலில் இல்லை என்றார்கள். அப்புறம் டீ போடுகிற பாய்லரிலிருந்து அரை டம்ளர் கொடுத்தார்கள். டயப்பர் மாற்ற இடம் என்று ஒன்றே கிடையாது. பேருந்து இருக்கையில், மற்றவர்கள் ஏறி இறங்குகிற நடைபாதையில் குனிந்து நின்று மாற்றினோம்.

அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பண்டிகைக் காலத்தில் பிள்ளையோடு நெடுந்தூரப் பேருந்தில் போன எந்த அம்மாவைக் கேட்டாலும் இப்படி ஒரு இடத்தைச் சொல்வாள். அரசுப் பேருந்து எந்த மோட்டலில் நிற்கலாம் என்பதற்கு ஒப்பந்தம் போடுவது போக்குவரத்துக் கழகங்கள்தான். அதனால் சரிசெய்வதும் உங்கள் கையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர்த்தால் போதும்: எரிகிற விளக்கோடு காய்ந்த தரையுள்ள ஒரு கழிப்பறையாவது பிள்ளைகளோடு வருகிற பெண்களுக்கு, இரவு முழுக்க வெந்நீரும் பாலும், விலை எழுதிப்போட்டு, டயப்பர் மாற்ற ஒரு மேஜை, ஒரு குழாய், மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டி. பண்டிகை வாரத்தில் எந்த இரவிலாவது அதிகாரி ஒருவர் சொல்லாமல் போய்ப் பார்க்கட்டும். அதோடு, நிற்கும் நேரம் பத்து நிமிடம் என்பது தனியாக வருகிறவர்களுக்குச் சரி. இரண்டு பிள்ளைகளை இறக்கி ஏற்றுகிறவளுக்கு அது ஓட்டம்தான். இருபது நிமிடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் பதற வேண்டாம்.

பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டில் தொடங்கப்பட்டன. நாட்டுக்கே முன்மாதிரியான காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் பண்டிகைப் பயணம் நடப்பது இரவில். அறை இரவில் பூட்டியிருந்தால், அல்லது மின்விசிறி ஓடாமல் உள்ளே மூட்டை முடிச்சுகள் அடுக்கியிருந்தால், அம்மாக்கள் கடைசி நடைமேடையின் தூண் மறைவைத்தான் தேடுவார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவில் எழுதி ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, பகல் பேருந்துகள். வேலை முடிந்து கிளம்புகிறவர்களுக்காகச் சிறப்புப் பேருந்துகள் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் விடப்படுகின்றன. அது சரியான கணக்குதான். ஆனால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், முடிந்தால் ஒருநாள் விடுப்பு கூடப் போட்டுவிட்டுப் பகலில் போகத்தான் பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாய்கிற நேரத்துக்குத் திருநெல்வேலி. பிள்ளைகள் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்கள், சாப்பிடுகிற நேரத்துக்குச் சாப்பிடுவார்கள். கழிப்பறை இருட்டாக இருக்காது. இரவெல்லாம் அழுகிற குழந்தையால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தூக்கம் கெடாது. பண்டிகைக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பிருந்தே மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், கோவை, தஞ்சாவூர் தடங்களில் காலை நேரச் சிறப்புப் பேருந்துகளை விட்டு, 'குழந்தைகளோடு செல்வோருக்கு ஏற்றது' என்று முன்பதிவிலேயே போட்டுப் பாருங்கள். நிறைந்துவிடும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் குடும்பங்கள் பகலில் போய்விட்டால் இரவு நெரிசலும் கொஞ்சம் குறையும்.

முன்பதிவு என்றதும் ரயில் ஞாபகம் வருகிறது. ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்கும்போது, படுக்கை இல்லாமல் வரும் குழந்தையின் பெயரையும் வயதையும் சேர்க்க ஒரு இடம் இருக்கிறது. நானும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக நிரப்புகிறேன். ஆக, ஒன்றரை வயதுக் குழந்தை வருகிறது என்பது ரயில்வேக்குத் தெரிகிறது. தெரிந்தும் எங்களுக்கு ஒதுக்கியது ஒரு நடுப் படுக்கையும் ஒரு மேல் படுக்கையும். கைக்குழந்தையோடு மேல் படுக்கையில் யாராவது படுக்க முடியுமா? ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத ஒருவரிடம் போய், "அண்ணா, கொஞ்சம் கீழ் படுக்கை தர முடியுமா" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். சில சமயம் அங்கே முட்டிவலியோடு ஒரு பெரியவர் இருப்பார், அவரிடம் எப்படிக் கேட்பது?

மூத்த குடிமக்களுக்கும், 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. கர்ப்பிணிக்கு உண்டு, பிள்ளை பெற்றுக் கையில் தூக்கி வருகிறவளுக்கு இல்லை. இந்த வரிசையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருகிறவர்களையும் சேர்க்க வேண்டும். அப்பா மட்டும் பிள்ளையோடு வந்தாலும் அவருக்கும் இது பொருந்த வேண்டும். புதிதாக எதையும் கேட்டு வாங்க வேண்டாம், அந்தக் குழந்தையின் பெயர் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. விதியை மாற்றுவது தெற்கு ரயில்வேயின் அதிகாரத்தில் இல்லை, ரயில்வே வாரியம்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால், இங்கிருந்து பரிந்துரையாவது போகட்டும்.

2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு சேர்த்துக் குழந்தைக்கு ஒரு சின்னப் படுக்கையை வடக்கு ரயில்வே சோதனைக்கு வைத்தது. படத்தைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. நம் ரயில்களில் அம்மாக்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு பழைய காட்டன் சேலையை எடுத்து, எதிரெதிர் மேல் படுக்கைகளின் சங்கிலியில் இரண்டு முனையையும் முடிந்து தூளி கட்டுவார்கள். ரயில் ஆட்டத்துக்குத் தூளியும் ஆடும், குழந்தை செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் குனிந்து, தூளியில் தலை படாமல் போவார்கள். முடிச்சு அவிழாமல் இருக்க வேண்டுமே என்று அம்மா மட்டும் ராத்திரி முழுக்கக் கீழே கண் விழித்திருப்பாள். நெல்லை, பொதிகை போன்ற ரயில்களில் ஒரு பெட்டியிலாவது பாதுகாப்பாகத் தூளி மாட்ட உறுதியான கொக்கிகளோ, அல்லது அந்தச் சின்னப் படுக்கையோ வைத்துப் பாருங்கள். எது நன்றாக இருக்கிறது என்று அதில் வருகிற அம்மாக்களே சொல்வார்கள்.

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. பண்டிகை டிக்கெட் காலை எட்டு மணிக்குத் திறந்து கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் முன்பதிவில்லாப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகும் அந்த்யோதயா முழுக்கவே முன்பதிவில்லாத ரயில். கழிப்பறை வாசல் வரை ஆட்கள் நின்றுகொண்டு வரும்போது, மூன்று வயதுப் பிள்ளை "அம்மா, ஒண்ணுக்கு" என்றால் அந்தத் தாய் என்ன செய்வாள்? பண்டிகை நாட்களிலாவது அத்தகைய ரயில்களில் ஒரு பெட்டியைச் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்று ஒதுக்கி, நடைமேடையிலேயே வரிசைப்படுத்தி முதலில் ஏற்றிவிடலாம். கூட்டம் முண்டியடிக்கும்போது குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுக்கிற காட்சியை நம் ஸ்டேஷன்களில் பார்க்காமல் இருக்க வேண்டும்.

பேருந்திலும் இதேபோல், முன்பதிவு செய்யும்போது 'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா' என்று ஒரே ஒரு கேள்வி வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள, குலுங்கல் குறைந்த இருக்கைகளில் நாலைந்தை அவர்களுக்குக் கொடுக்கலாம். கடைசி இருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது தூக்கிப்போடும், வாந்தி எடுக்கும். பெண்களுக்கு இருக்கை ஒதுக்கும் பழக்கம் நம் பேருந்துகளில் காலங்காலமாக இருப்பதால் இதை மக்கள் எதிர்க்க மாட்டார்கள். நடத்துநருக்கும் கிளம்புவதற்கு முன்பே தன் பேருந்தில் எத்தனை குழந்தைகள் என்று தெரிந்திருக்கும். எங்கே நிறுத்துவது என்று அவர் யோசித்துவைப்பார். சென்ற பொங்கலுக்குத் திரும்பி வரும்போது ஒரு நடத்துநர், யாரும் கேட்காமலே, குழந்தைகள் இருக்கிற இருக்கைப் பக்கமாக வந்து, "அடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்மா, இப்பவே இறங்கணும்னா சொல்லுங்க" என்றார். அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை, அவராகச் செய்தார். அதை எல்லா நடத்துநர்களுக்கும் பண்டிகைக்கு முந்தைய அறிவுரையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

ஆம்னி பேருந்துக் கட்டணத்தைப் பற்றி வருடா வருடம் பேசுகிறோம், இங்கே அதை இழுக்கவில்லை.

நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. அடுத்த பண்டிகைக்கான ஆலோசனைக் கூட்டத்தில், இத்தனை பேருந்துகள், இத்தனை இருக்கைகள் என்று அறிக்கை வாசிக்கப்படும்போது, 'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஏற்பாடுகள்' என்று ஒரு தலைப்பையும் சேர்த்துப் பேசுங்கள். மோட்டல் ஒப்பந்தம், பாலூட்டும் அறைச் சாவி, பகல் பேருந்து ஆகிய மூன்றையும் இந்தப் பண்டிகைக்கே செய்ய முடியும். கீழ்ப் படுக்கைக்கான பரிந்துரை டெல்லிக்கு எப்போது போகும் என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு சிறு பிள்ளைகளின் தாய்,
பெரம்பூர், சென்னை.