உங்கள் ஒயரிங் படத்தை நம்பி ஒரு டிரைவ் போனது, இசட் ஹெட் கீழே இறங்கியது

பெறுநர்: தொழில்நுட்ப உதவிப் பிரிவு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சிஎன்சி கண்ட்ரோலர் கிட்டோடு வந்த சர்வோ டிரைவ் ஒயரிங் படத்தில் உள்ள தவறுகள்

வணக்கம்.

உங்கள் கண்ட்ரோலர் கிட்டை வாங்கி 7 வாரம் ஆகிறது. அதில் மெஷின் ஒழுங்காக ஓடியது கடைசி 6 நாள்தான், அதுவும் உங்கள் படத்தை ஓரமாக வைத்துவிட்டு டிரைவ் மேனுவலைப் பார்த்து நானே ஒயர் இழுத்த பிறகு. ஃபோனில் ஒவ்வொரு தடவையும் புது ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நீளம்தான், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

மெஷின் 3 அச்சு மில்லிங் மெஷின். பால் ஸ்குரூ (மோட்டார் சுற்றுவதை நேர் நகர்வாக மாற்றும் திருகு), கைடுவே எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது. பழைய கண்ட்ரோலர் மட்டும் செத்துப்போனது, அதற்கு போர்டு கிடைப்பதில்லை. மோட்டாரும் டிரைவும் (கண்ட்ரோலரின் கட்டளைப்படி மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டி) நன்றாக இருந்ததால் அவற்றை வைத்துக்கொண்டு கண்ட்ரோலரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். பழையது ±10 வோல்ட் அனலாக்கில் வேகக் கட்டளை கொடுத்து ஓட்டியது. இந்த டிரைவில் பல்ஸ் மோடும் (ஒரு பல்ஸுக்கு ஒரு சின்ன அடி நகரும் முறை) இருக்கிறது, பாராமீட்டரை மாற்றி, கட்டளை ஒயரை வேறு பின்னுக்குக் கொண்டுபோனால் போதும். வாங்குவதற்கு முன்பே மூன்று டிரைவின் பெயர்ப்பலகையையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். 'இந்த மாடலுக்கு எங்களிடம் தனிப் படமே இருக்கிறது, அப்படியே இணைத்தால் போதும்' என்றீர்கள். அந்த மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

படம் வந்தது. மேலே என் டிரைவின் மாடல் எண் கொட்டை எழுத்தில். உள்ளே இருந்தது வேறு ஏதோ டிரைவுக்கான இணைப்பு.

முதலில் போனது எக்ஸ் டிரைவ். நீங்கள் அனுப்பிய இன்டர்ஃபேஸ் போர்டு 24 வோல்ட் பல்ஸ் கொடுப்பது. டிரைவின் பல்ஸ் பின்னோ 5 வோல்ட் லைன் டிரைவருக்கானது (இரண்டு ஒயரில் ஒன்றுக்கொன்று எதிராகச் சிக்னல் அனுப்பும் முறை). உள்ளே ஆப்டோகப்ளருக்கு (சிக்னலை எல்இடி வெளிச்சமாக மாற்றி உள்ளே கடத்தும் பாகம்) முன்னால் 220 ஓம் ரெசிஸ்டர்தான் இருக்கிறது, மேனுவலில் படமே போட்டிருக்கிறார்கள். 24 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் எல்இடியில் விழும் 1.5 வோல்ட் போக மீதி 22.5 வோல்ட், அதை 220-ஆல் வகுத்தால் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் வருகிறது, அந்த ஆப்டோவுக்குத் தேவையானது 10 மில்லி ஆம்பியர் அளவுதான். வெளியே வரிசையில் ஒரு 2.2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டிருந்தால் 9 மில்லி ஆம்பியரில் நின்றிருக்கும். உங்கள் படத்தில் அந்த ரெசிஸ்டர் இல்லை, ஒரு குறிப்புகூட இல்லை. ஆன் செய்தேன், எக்ஸ் அச்சு இரண்டு தடவை நகர்ந்தது, அப்புறம் நகரவே இல்லை. அலாரமும் இல்லை, டிரைவ் 'தயார்' என்றே காட்டுகிறது, மோட்டார் இறுகிப் பிடித்து நிற்கிறது, பல்ஸ் மட்டும் உள்ளே போகவில்லை. நல்லவேளை, ஒய்யையும் இசட்டையும் அன்றைக்கு இணைக்கவில்லை.

இதைச் சொன்னதும் உங்கள் ஆள் கேட்ட முதல் கேள்வி, 'மோட்டாரின் யு வி டபிள்யூ ஒயரை மாற்றிப் பார்த்தீர்களா' என்பது. சார், இது ஏசி சர்வோ. சாதாரண இண்டக்ஷன் மோட்டாரில் இரண்டு ஃபேஸை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும், சரி. சர்வோவில் அந்த வரிசை என்கோடரோடு (மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று டிரைவுக்குச் சொல்லும் உணரி) கட்டிப்போட்டது, மாற்றினால் மோட்டார் உதறும், ஓவர்லோடு அலாரம் அடிக்கும், சில சமயம் தாறுமாறாக ஓடவும் செய்யும். திசையை மாற்றுவதற்கு என்று டிரைவில் பாராமீட்டர் இருக்கிறது. உதவிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் இப்படி ஒரு யோசனை சொல்லலாமா? எனக்குத் தெரிந்ததால் செய்யவில்லை. தெரியாத ஒருவர் நீங்கள் சொன்னீர்கள் என்று செய்திருப்பார்.

இரண்டாவது விஷயத்தைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

இசட் அச்சில் (ஹெட் மேலும் கீழும் போகும் அச்சு) கவுண்டர் வெயிட், அதாவது ஹெட்டைச் சமன்செய்யும் எதிர் எடை, கிடையாது. பால் ஸ்குரூ தானாகப் பிடித்து நிற்காது. மோட்டாரில் கரண்ட் இல்லாதபோது ஸ்பிண்டில் ஹெட்டைத் தாங்குவது மோட்டாருக்குள் இருக்கும் 24 வோல்ட் பிரேக் மட்டும்தான். அந்த பிரேக்கை எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்பதை டிரைவே சொல்லும், அதற்கென்று தனி அவுட்புட் பின் இருக்கிறது. மோட்டார் பிடித்துக்கொண்ட பிறகுதான் பிரேக்கை விடும், ஏதாவது அலாரம் வந்தால் உடனே பிடிக்கச் சொல்லும். உங்கள் படத்தில் அந்தப் பின்னுக்கு ஒயரே இல்லை. பிரேக் ரிலேயை உங்கள் போர்டின் 'எனேபிள்' (மோட்டாரை இயங்க அனுமதிக்கும்) அவுட்புட்டில் மாட்டியிருக்கிறீர்கள். சர்வோ ஆன் சிக்னலும் பிரேக் விடுவதும் ஒரே நொடியில். அதனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ஹெட் 'டொக்' என்று கொஞ்சம் இறங்கிப் பிறகு நிற்கும். நான் கேட்டதற்கு 'அது நார்மல்' என்று பதில் வந்தது.

அதோடு அலாரம் ஒயர். இந்த டிரைவில் எல்லாம் சரியாக இருக்கும்போது அலாரம் டிரான்சிஸ்டர் ஆனில் இருக்கும், தவறு வந்தால் ஆஃப் ஆகும். அப்போதுதான் ஒயர் அறுந்தாலும் கண்ட்ரோலருக்கு அலாரமாகத் தெரியும், அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய செட்டிங் ஃபைல் இதற்குத் தலைகீழ். சரியாக இருக்கும்போதே அலாரம் காட்டியதால், 'அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்' என்று மெயிலில் எழுதினீர்கள். கழற்றினேன். அதைச் செய்திருக்கக் கூடாது, அந்தப் பங்கு என்னுடையது.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, இசட் என்கோடர் கனெக்டர் லூசாகி (அதை நான் சரியாகப் பூட்டவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்) டிரைவ் என்கோடர் அலாரம் கொடுத்து மோட்டாரை விட்டுவிட்டது. டிரைவ் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கண்ட்ரோலருக்கு அலாரம் போகவில்லை, எனேபிள் அப்படியே இருந்தது, பிரேக் திறந்தே இருந்தது. மெஷினில் நிற்கும் தம்பி அப்போதுதான் வைஸிலிருந்து ஜாப்பை எடுத்துவிட்டு பிரஷ்ஷால் சிப்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தான். பிரஷ்ஷை வைக்கத் திரும்பிய நேரம், ஹெட் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. 12 மில்லிமீட்டர் எண்ட்மில் (வெட்டும் டூல்) வைஸின் தாடையில் குத்தி இரண்டாக உடைந்தது. உடைந்த சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன். தம்பி கையைப் பின்னால் இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிற்கிறான், வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வைஸ் தாடையில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன்.

இதை அன்றைக்கே ஃபோனில் சொன்னபோது உங்கள் பக்கத்திலிருந்து வந்த பதில்: 'எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.'

அன்று இரவே பிரேக் ரிலேயை டிரைவின் பிரேக் பின்னுக்கு மாற்றினேன், ரிலே காயிலுக்கு டையோடு போட்டேன், பிரேக் காயிலுக்கும் சர்ஜ் அப்சார்பர் போட்டேன். அலாரம் ஒயரைத் திரும்ப இணைத்து செட்டிங்கைத் திருப்பினேன். இப்போது 'டொக்' சத்தமே இல்லை. நீங்கள் நார்மல் என்று சொன்ன சத்தம்.

அப்போதுதான் கவனித்தேன், எமர்ஜென்சி சுவிட்சையும் உங்கள் படம் கண்ட்ரோலர் இன்புட்டுக்கு மட்டும்தான் கொண்டுபோகிறது. கண்ட்ரோலர் ஹேங் ஆனால் அந்தச் சிவப்பு பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. ஐஇசி 60204-1 தரம் எமர்ஜென்சி ஸ்டாப் 0 அல்லது 1 வகை நிறுத்தமாக இருக்க வேண்டும் என்கிறது, அதாவது உடனேயோ, மோட்டாரைக் கட்டுப்பாட்டோடு நிறுத்திய பிறகோ, கடைசியில் பவர் போக வேண்டும். சேஃப்டி ரிலே (கண்ட்ரோலரை நம்பாமல் நேராகப் பவரை வெட்டும் ரிலே) வாங்கி டிரைவின் மெயின் பவர் கான்டாக்டரை அதன் வழியாக மாற்றிவிட்டேன். கிட்டில் சேஃப்டி ரிலே கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, படத்திலாவது அதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

சரி, கடைசியாக அளவுப் பிரச்சினை. இதற்குத்தான் அதிக நாள் போனது.

எக்ஸுக்கு வேறு டிரைவ் போட்டு, ரெசிஸ்டர் வைத்து, எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு ஜாப் அளவு தள்ளிப்போனது. காலையில் வைத்த ஜீரோ மதியம் இல்லை. நீங்கள் 'நாய்ஸ்' (சிக்னல் ஒயரில் புகும் மின் இரைச்சல்) என்றீர்கள். ஷீல்டு ஒயர் போடச் சொன்னீர்கள், போட்டேன். மோட்டார் பவர் கேபிளையும் சிக்னல் கேபிளையும் 30 செண்டிமீட்டர் தள்ளிப் போடச் சொன்னீர்கள், டிரங்க்கிங்கையே பிரித்து மாற்றினேன். ஃபெரைட் மாட்டச் சொன்னீர்கள், மாட்டினேன். எல்லாம் நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. அளவு மட்டும் அதே மாதிரி தள்ளியது.

பிறகு டயல் இண்டிகேட்டரை டேபிளில் வைத்து நானே சோதித்தேன். எக்ஸை 50 மில்லிமீட்டர் போய் வரச் சொல்லி 100 தடவை ஓட்டினால் 0.20 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. மறுபடி ஓட்டினேன், மறுபடி 0.20. தூரத்தை 5 மில்லிமீட்டராகக் குறைத்து 100 தடவை, அப்போதும் 0.20. 50 தடவை மட்டும் ஓட்டினால் 0.10. ஒரே திசையில் 100 சின்ன அடியாக நகர்த்திவிட்டு ஒரே தடவையில் திரும்பி வந்தால் முள் அசையவே இல்லை. நாய்ஸுக்கு இப்படிக் கணக்கு வைக்கத் தெரியாது, அது ஒரு நாள் கொஞ்சம் தள்ளும், ஒரு நாள் நிறையத் தள்ளும். இது தூரத்தைப் பார்க்கவில்லை, வேகத்தைப் பார்க்கவில்லை, எத்தனை தடவை திசை மாறியது என்பதை மட்டும் பார்க்கிறது. என் மெஷினில் ஒரு பல்ஸுக்கு 1 மைக்ரான் (2500 கோடு என்கோடர், நான்கு மடங்காக எண்ணினால் சுற்றுக்கு 10,000, ஸ்குரூ பிட்ச் 10 மில்லிமீட்டர்). அப்படியானால் ஒரு தடவை போய் வர 2 பல்ஸ் பிழை. ஒரு பல்ஸை எதிர்த்திசையில் எண்ணினால் சரியாக 2 பல்ஸ்தான் பிழை வரும்.

தெரிந்தவரிடம் ஆசிலோஸ்கோப் வாங்கி வந்து பார்த்தேன். திசை சிக்னலும் அதன் முதல் பல்ஸும் ஒரே கோட்டில் எழும்புகின்றன. டிரைவுக்குத் திசை மாறிய பிறகு சில மைக்ரோ செகண்டாவது இடைவெளி வேண்டும். ஆப்டோகப்ளர் ஆன் ஆவதைவிட ஆஃப் ஆக அதிக நேரம் எடுக்கும், அதனால் ஒரு பக்கம் திரும்பும்போது சமாளித்துவிடுகிறது, மறுபக்கம் திரும்பும்போது முதல் பல்ஸைப் பழைய திசையிலேயே எண்ணிவிடுகிறது. உங்கள் கண்ட்ரோலரில் திசைத் தாமதம் என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது. மெனுவில் கடைசிப் பக்கத்தில். நீங்கள் அனுப்பிய ஃபைலில் அது 0. அதை 10 மைக்ரோ செகண்ட் ஆக்கினேன். 100 தடவை, 500 தடவை, 1000 தடவை ஓட்டினேன், முள் வைத்த இடத்திலேயே நிற்கிறது.

இரண்டரை வாரம் சார். உங்கள் சொந்தக் கண்ட்ரோலரின் பாராமீட்டர் அது. 'திசை மாறும்போதுதான் தள்ளுகிறதா' என்று உங்களில் ஒருவர் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவருக்கு உதவும். ஒற்றை ஒயர் ஓப்பன் கலெக்டர் பல்ஸில் (உங்கள் 24 வோல்ட் போர்டு கொடுப்பது இதுதான்) இந்த டிரைவ் விநாடிக்கு 2 லட்சம் பல்ஸ்தான் வாங்கும், லைன் டிரைவரில் 5 லட்சம். சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்றால் உங்கள் போர்டை வைத்து 1200 ஆர்பிஎம்முக்கு மேல் போக முடியாது, அதாவது என் மெஷினில் நிமிடத்துக்கு 12 மீட்டர். பழைய கண்ட்ரோலரில் ரேபிட் 20 மீட்டர் ஓடியது. விற்கும்போது இதை நீங்கள் சொல்லவில்லை.

இப்போது எனக்கு வேண்டியது. எரிந்த எக்ஸ் டிரைவுக்கு மாற்று டிரைவோ அதற்கான தொகையோ தர வேண்டும். 24 வோல்ட் போர்டை எடுத்துக்கொண்டு 5 வோல்ட் லைன் டிரைவர் போர்டு அனுப்ப வேண்டும். படத்தைத் திருத்தி, திருத்திய தேதியும் எண்ணும் போட்டு, யார் சரிபார்த்தார் என்ற கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். இதைவிட அவசரமாக, இதே படத்தை வேறு யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்கள் எல்லோருக்கும் இந்த வாரமே ஃபோன் செய்து, இசட் பிரேக் ஒயரை மாற்றும் வரை ஹெட்டுக்கு அடியில் கட்டை முட்டுக்கொடுக்காமல் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரைவ் பேச்சைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இதற்குக் காத்திருக்க முடியாது.

பதில் எழுதுபவர் என் டிரைவ் மேனுவலின் இன்புட் அவுட்புட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதட்டும். நான் மாற்றிப் போட்ட ஒயரிங்கைக் கையால் வரைந்து ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன், ஸ்கோப் படம், டயல் படம், வைஸ் படம், உங்கள் பழைய மெயில்கள் எல்லாம் கூடவே இருக்கின்றன. ஆர்டர் எண்ணும் கண்ட்ரோலர் சீரியல் எண்ணும் மெயிலின் தலைப்பில் உள்ளன. 10 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தோடு நுகர்வோர் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்