உன் ஒன்பதாவது கேரக்டர் பற்றி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் தடை. எனக்கும் சேர்த்துத்தான்!

நீங்கள் செய்யும் கேமுக்கு ஒன்பதாவது கேரக்டர் வருகிறதாமே. பாய்ந்து வந்து அடிக்கிறவர்களைப் பற்றித்தான் புகார் அதிகம், அவர்களை அடக்கவே ஒருத்தியைப் போடுகிறோம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாம் ஆடிய ஓவர்வாட்ச் கேமின் பிரிகிட்டேயை மறந்துவிட்டாயா? மறந்திருப்பாய், அவளை வைத்து அடித்தவன் நீ. பாய்ந்து அடிக்கும் ட்ரேசரை ஆடி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

2018 மார்ச்சில் அவள் வந்தாள். அதுவரை வின்ஸ்டன், டி.வா, ட்ரேசர், கென்ஜி என்ற நாலு ஹீரோக்களும் ஒன்றாகப் பாய்ந்து, எதிரணிக்கு ஹெல்த் ஏற்றும் சப்போர்ட்டை முடித்துவிட்டுப் போவார்கள். அதற்கு மருந்துதான் இவள். கேடயத்தால் ஒரு முட்டு 50 டேமேஜ், ஆளும் உறைந்துபோவான். சங்கிலி வீச்சு 70, கூட ஒரு அடி 35. ஆக 155. ட்ரேசரின் மொத்த ஹெல்த்தே 150. அந்த 5 தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் மெட்டாவை, அதாவது ஜெயிக்க எல்லோரும் எடுக்கும் அணி முறையை, கெடுத்தது இந்தக் கணக்கு இல்லை. அவள் அடித்தாலே பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஹெல்த் ஏறும், ஆர்மரும் தருவாள். அப்போது ஆர்மர் ஒவ்வொரு குண்டிலும் 5 டேமேஜைக் கழிக்கும், பாதிக்குக் கீழே மட்டும் இறங்காது. ட்ரேசர் குண்டின் 6 அங்கே 3 ஆகிவிடும். அடி தாங்கும் டேங்க்குகளான ரைன்ஹார்ட், ஸார்யா, டி.வாவோடு இவளையும் லூசியோவையும் இன்னொரு சப்போர்ட்டையும் சேர்த்துக் கும்பலாக நடத்தினால் யாராலும் உடைக்க முடியவில்லை. அதுதான் 'கோட்ஸ்'. டேமேஜ் ஹீரோ ஒருவர்கூட இல்லாத அணி!

பிறகு நெர்ஃப் மேல் நெர்ஃப், பலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முட்டின் 50 டேமேஜ் 5 ஆனது. 2019 ஜனவரியில் ஆர்மர் கழிப்பதை 5-இலிருந்து 3 ஆக்கினார்கள். 6-இல் 3 போனாலும் மிச்சம் அதே 3தானே, ட்ரேசருக்கு என்ன லாபம்? கோட்ஸ் அசையவில்லை. கடைசியில் 2019 ஜூலையில் தொழில்முறைப் போட்டியான ஓவர்வாட்ச் லீகில் ஓர் அணிக்கு இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட் என்று பூட்டுப் போட்டார்கள். ஒரு ஹீரோ கிளப்பிய சிக்கலுக்கு ஆட்டத்தின் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதிலும் ஒரு வேடிக்கை. பூட்டு வருவதற்குச் சில நாள் முன்புதான் ஷாங்காய் டிராகன்ஸ், முந்தைய சீசனில் 40 ஆட்டத்திலும் தோற்ற அதே அணி, மூன்று டேமேஜ் ஹீரோக்களை வைத்து லீகின் மூன்றாம் கட்டத்தையே ஜெயித்தது. பொறுத்திருக்கலாம் என்பார் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்குக் கைவந்தது, ராத்திரி பத்து மணிக்கு முகம் தெரியாத ஐந்து பேரோடு ஆடுகிறவனுக்கு வராது.

அதனால் உன் புதியவள் யாரை அடக்குவாள் என்பதை மட்டும் சோதித்துவிட்டு விடாதே. அதை எல்லோரும் பார்ப்பார்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தடியன்கள் பக்கத்தில் அவளை நிறுத்தி, ஐந்து பேரும் சேர்ந்தே நகரும்படி ஆடவிட்டுப் பார். பாய்கிறவர்கள் எதிரணியில் இல்லாத ஆட்டத்திலும் அவளை எல்லோரும் எடுத்தால், எண்ணைக் குறைத்துப் பிரயோஜனமில்லை, ஒரு திறனையே பிடுங்கு. பிரிகிட்டேயின் சாதாரண முட்டிலிருந்து அந்த உறையவைப்பை எடுக்க 2022-இல் ஓவர்வாட்ச் 2 வரவேண்டியிருந்தது. தரவரிசைக்காக ஆடும் ரேங்க்டில் உடனே இறக்காதே, வெளியிட்டபின் பிடுங்கினால் அவளைப் பழகியவர்கள் உன்னைத் திட்டித் தீர்ப்பார்கள்.

டெஸ்ட் பில்ட் அனுப்பு. பரீட்சை முடியட்டும், பெரியவளையும் உட்காரவைக்கிறேன், ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சரவணன்